ஷார்ஜால இருந்து வந்து கோவைல எடை குறைப்பு ஆபரேஷன்: டாக்டரை எப்படி தேர்ந்தெடுக்கறது, திரும்பி போனப்பறம் யார் பாப்பாங்க?

பொள்ளாச்சி_சுமதி:
வணக்கமுங்க எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் எழுதறேன். நானும் வீட்டுக்காரரும் ஷார்ஜால இருக்கறோம், சொந்த ஊரு பொள்ளாச்சி. வயசு 38, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு) 41, சுகர் இருக்குது, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு ராத்திரி மெஷின் மாட்டித்தான் படுக்கறேன். கீட்டோ, பேலியோ, ஜிம்மு எல்லாம் பாத்தாச்சு, குறையும், அப்பறம் வட்டியும் முதலுமா ஏறிக்கும். சுகர் டாக்டரே ஆபரேஷன் யோசிங்கன்னு சொல்லிட்டாருங்க. எங்க கம்பெனி இன்சூரன்ஸ்ல இது வராது, இங்க கைக்காசு போட்டு பண்ணினா கட்டுப்படி ஆகாது. அதனால லீவுல வந்து கோயம்புத்தூர்ல பண்ணிட்டு அம்மா வீட்ல ரெஸ்ட் எடுத்துட்டு திரும்பிடலாம்னு இருக்கேன், லீவு 30 நாள்.

மூணு ஆஸ்பத்திரில கொட்டேஷன் வாங்கிட்டேன், மூணே கால் லட்சத்துல இருந்து அஞ்சு லட்சம் வரைக்கும் சொல்றாங்க. ஒருத்தர் ஸ்லீவ் (வயித்தை வெட்டி குழாய் மாதிரி ஆக்கறது)ங்கறார், ஒருத்தர் மினி பைபாஸ் (வயித்தை சின்னதாக்கி குடலோட குறுக்கு வழில இணைக்கறது)ங்கறார், மூணாவது இடத்துல டாக்டர்கிட்ட பேசவே விடல, கோஆர்டினேட்டர் பொண்ணுதான் வாட்சப்ல "மேம் டேட் பிளாக் பண்ணிடலாமா, ஆஃபர் இந்த மாசம் முடியுது"ன்னு தெனமும் கேக்குது. எந்த டாக்டர் நல்லவர்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

மட்டுறுத்துநர்:
வாங்க சுமதி. பழைய விதிதான், எல்லாருக்கும் மறுபடி சொல்றேன்: டாக்டர் பேரு, ஆஸ்பத்திரி பேரு இங்க போடாதீங்க, திட்டவும் வேணாம் புகழவும் வேணாம். போன இழைல பாதிப்பேர் கமிஷன் ஆளுங்க.

தியேட்டர்_சிஸ்டர்:
சுமதி, நான் சென்னைல ஆபரேஷன் தியேட்டர்ல ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு ரிடையர் ஆனவ. ஆஃபர் இந்த மாசம் முடியுதுன்னு சொல்ற இடத்தை முதல்ல லிஸ்ட்ல இருந்து அடிங்க. வயித்துல முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி வெளிய எடுக்கற ஆபரேஷனுக்கு ஆடித் தள்ளுபடி கெடையாது.

அப்பறம் டாக்டர் விஷயம். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் சைட்ல பேரோ ரெஜிஸ்டர் நம்பரோ போட்டா எம்எஸ் சர்ஜரி முடிச்சவரா, அதுக்கு மேல எம்சிஎச்ங்கற சிறப்புப் படிப்பு பண்ணவரான்னு காட்டும், அது அஞ்சு நிமிஷ வேலை, அத பாத்துருங்க. பேருக்குப் பின்னால நாலஞ்சு எழுத்து வரிசையா இருக்கேன்னு மயங்காதீங்க, சில ஃபெலோஷிப் ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியிலயே கெடந்து படிக்கறது, சிலது ஒரு வாரத்துக்குள்ள முடியற கோர்ஸ், ரெண்டும் போர்டுல ஒரே சைஸ்ல தான் எழுதிருப்பாங்க. "இத எங்க படிச்சீங்க, எவ்ளோ நாள்"னு மரியாதையா கேக்கலாம், நல்ல டாக்டர் கோச்சுக்க மாட்டார்.

மத்தபடி டிகிரிய விட முக்கியம், இந்த ஆபரேஷனை அவர் எவ்ளோ அடிக்கடி பண்றார்ங்கறது. லேப்ராஸ்கோப்பில, அதாவது சின்ன ஓட்டை போட்டு, பித்தப்பை, குடலிறக்கம் தெனமும் பண்ணுவார், பேரியாட்ரிக், அதாவது எடை குறைப்பு ஆபரேஷன், மாசத்துக்கு ஒண்ணு வந்தா அதையும் விடமாட்டார், அந்த மாதிரி ஆள் வேணாம். அமெரிக்கால ஒரு சென்டருக்கு முழு அங்கீகாரம் குடுக்கவே வருஷத்துக்கு 50 கேஸாவது இருக்கணும்னு வச்சிருக்காங்க. "போன வருஷம் நீங்க எத்தனை பண்ணீங்க, உங்க ஆஸ்பத்திரி இல்ல, நீங்க"ன்னு கேளுங்க. அதுல லீக், அதாவது வெட்டி மூடின எடத்துல கசியறது, எத்தனை, திரும்ப தியேட்டருக்கு கொண்டு போனது எத்தனைன்னும் கேளுங்க. எனக்கு லீக்கே வந்ததில்லன்னு சொன்னா ஒண்ணு கேஸ் கம்மி, இல்லாட்டி பொய். நல்ல கையிலயும் ஸ்லீவ்ல நூத்துக்கு ஒண்ணு மாதிரி வரத்தான் செய்யும்.

இன்னும் இருக்கு, ராத்திரி எழுதறேன், பேரன் அழறான்.

கணேஷ்_மதுரை:
தாயி கோவிச்சுக்கப்படாது. எதுக்கு இம்புட்டு காசக் கொட்டி நல்ல வயித்த அறுத்துக்கிறணும்? காலைல எந்திரிச்சு வைகை கரைல ஒரு மணி நேரம் நடந்தா, ராவுக்கு சோத்த விட்டா, தானா எறங்கும். எங்க பெரியப்பா அப்படித்தேன் குறைச்சாக.

தோஹா_நெட்டையன்:
கணேஷ் அண்ணே, பெரியப்பாவுக்கு பிஎம்ஐ 41 இருந்துச்சா? சுகரும் மூச்சுத்திணறலும் சேந்தவங்களுக்கு நடைதான் வழின்னா அவங்க டாக்டர் ஏன் ஆபரேஷன் சொல்றார்? 2022ல எடை குறைப்பு சர்ஜன்களோட அமெரிக்க சங்கமும் உலக சங்கமும் சேந்து 1991ல இருந்த பழைய அளவை மாத்திட்டாங்க, பிஎம்ஐ 35 தாண்டினா வேற நோய் இல்லாட்டியும் ஆபரேஷன் பரிந்துரைக்கலாம், ஆசியாக்காரங்களுக்கு 27.5லயே யோசிக்கலாம்னு. சுமதி அதையெல்லாம் எப்பவோ தாண்டி நிக்கறாங்க. பண்ணலாமா வேணாமான்னு அவங்க கேக்கல.

சேலம்_பிரியா:
எடை குறைக்கற மௌஞ்சாரோ ஊசி 2025ல இந்தியாவுக்கும் வந்துருச்சே, அத போட்டு பாக்கலாமே? சும்மா கேக்கறேன்.

பொள்ளாச்சி_சுமதி:
பிரியா, அந்த வகை ஊசி ஏற்கனவே போட்டேனுங்க. குறைஞ்சுது, ஆனா வாந்தி நிக்கல, நிறுத்தினதும் எடை ஏறிருச்சு. மாசாமாசம் அந்த செலவும் தாங்கல. கணேஷ் அண்ணா பரவால்லீங்க, எங்கப்பாவும் இதேதான் சொல்றார்.

தியேட்டர்_சிஸ்டர்:
விட்ட இடத்துல இருந்து.

ஆஸ்பத்திரிய பத்தி. 2024 ஏப்ரல்ல சென்னைக்கு பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரில எடை குறைப்பு ஆபரேஷனுக்கு புதுச்சேரில இருந்து வந்த ஒரு இளைஞர் இறந்துபோனது பேப்பர்ல வந்துச்சு, சுகாதாரத்துறை விசாரிச்சு லைசென்ஸை தற்காலிகமா நிறுத்தினாங்க. அதுல யார் மேல எவ்ளோ தப்புன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா நாங்க உள்ள இருந்து பாக்கறவங்க உடனே கேட்ட கேள்வி ஒண்ணுதான், ஏதாவது ஆச்சுன்னா அந்த பில்டிங்லயே சமாளிக்க முடியுமா, இல்ல ஆம்புலன்ஸ் கூப்பிடணுமா. அதனால இத எழுதி வச்சுக்கோங்க: ஐசியூல 24 மணி நேரமும் டாக்டர் இருக்காரா, ராத்திரி சிடி ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கா, பிளட் பேங்க் உள்ளயா வெளியயா, மயக்க மருந்து டாக்டர் உடம்பு பெருத்தவங்களுக்கு குடுத்து பழகினவரா. உங்களுக்கு தூக்கத்துல மூச்சு நிக்கற பிரச்சினை வேற இருக்கு, அதனால மயக்க டாக்டரை தேதிக்கு முன்னாடியே பாக்கணும், நீங்க மாட்டற மெஷினையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகணும், அத மறந்துட்டு வர்றவங்க நெறைய பேரு.

ஸ்டேப்லர் பத்தியும் சொல்லிடறேன், இத யாரும் கேக்கறதில்ல. வயித்தை வெட்டி மூடறது ஸ்டேப்லர்தான், அதோட பின் இருக்கற ஒவ்வொரு கேட்ரிட்ஜும் புதுசா பிரிச்சா அதுல லாட் நம்பரோட ஒட்டற ஸ்டிக்கர் வரும், அத கேஸ் ஷீட்ல ஒட்டணும். "எனக்கு போட்ட எல்லா கேட்ரிட்ஜ் ஸ்டிக்கரோட காப்பியும் டிஸ்சார்ஜ் அப்ப வேணும்"னு அட்மிஷன் அன்னைக்கே சொல்லிடுங்க. கேப்பாங்கன்னு தெரிஞ்சாலே தியேட்டர்ல கவனம் தானா வரும், நான் பாத்தது.

லண்டன்_ரவி:
வணக்கம் சுமதி அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன். இஞ்ச இருந்து சனம் துருக்கிக்குத்தான் போகுதுகள், ஹோட்டல், டிரைவர், ஆபரேஷன் எல்லாம் ஒரே பக்கேஜ். என்ர மச்சாளும் அப்பிடித்தான் போனவ. நாலஞ்சு நாளில திரும்பி வந்திட்டா. ஆபரேஷன் ஒண்டும் பிழையில்லை, நல்லாத்தான் மெலிஞ்சவ. ஆனா வந்தாப்பிறகுதான் கதை. என்எச்எஸ்ல, அதான் இஞ்சத்த அரசாங்க வைத்திய சேவையில, ஆபத்தெண்டா பாப்பினம், அதில ஒண்டும் சொல்ல ஏலாது, ஆனா வழமையான ஃபாலோஅப், ரத்த டெஸ்ட், டயட்டீசியன், அதெல்லாம் என்எச்எஸ்ல செய்தவைக்கு ரெண்டு வருசத்துக்கு குடுக்க வேணும் எண்டு விதி இருக்கு, வெளியில காசு குடுத்து செய்தவைக்கு ஜிபி, அதான் குடும்ப டாக்டர், "நான் இதில ஸ்பெஷலிஸ்ட் இல்லை"ன்னு கையை விரிக்கிறார். அங்க வாட்சப்பில ரெண்டு மாசம் மறுமொழி குடுத்தவை, பிறகு ப்ளூ டிக் மட்டுந்தான்.

2023ல துருக்கியில மெலியிறதுக்கெண்டு வயித்துக்குள்ள போட்டாக்ஸ் ஊசி போட்ட கனபேருக்கு பொட்டுலிசம் எண்ட, தசையளை செயலிழக்க வைக்கிற நஞ்சு வருத்தம் வந்து, ஜெர்மனி, ஒஸ்ட்ரியா, சுவிஸ் எண்டு திரும்பிப்போன நாட்டு ஆஸ்பத்திரியளில படுத்தவை, ஐரோப்பிய நோய் தடுப்பு மையம் அறிவிப்பு விட்டது. அது வேற சிகிச்சைதான், ஆனா போட்டது ஒரு நாட்டில, வருத்தம் வெளிச்சது இன்னொரு நாட்டில.

தோஹா_நெட்டையன்:
ரவி சொன்னதுதான் மேட்டர். சுமதி, நீங்க கேட்ட கேள்வில ரெண்டாவது பாதிதான் பெருசு. என் கதைய சொல்றேன், ஊர் பேரு இல்லாம.

நான் தோஹால வேலை, தமிழ்நாட்டுல ஒரு பெரிய ஊர்ல ஸ்லீவ் பண்ணிட்டு, டாக்டர் கையெழுத்து போட்ட ஃபிட் டு ஃப்ளை சர்டிஃபிகேட் வாங்கிட்டுதான் வந்தேன். இங்க வந்து திட உணவு ஆரம்பிச்சதும் வாந்தி, என்ன சாப்ட்டாலும் வாந்தி, அப்பறம் தண்ணி கூட நிக்கல. ஊருக்கு போன் போட்டா கோஆர்டினேட்டர் "சார் வேகமா சாப்புடுவீங்க, மெதுவா மென்னு சாப்புடுங்க"ன்னு ஒரே பாட்டு, டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார்ங்கறது இன்னொரு பாட்டு. ரூம் மேட்ஸ் எல்லாம் அடாடா நல்லா எளைச்சிட்டியேன்னு பாராட்டறானுங்க. கால் பாதம் மரத்துப் போச்சு, நடந்தா தள்ளாடுது, ஒருநாள் டிவில ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்சுது. எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு போனாங்க. அங்க இருந்த டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டார், குடுத்தேன், அதுல "லேப்ராஸ்கோப்பி ஸ்லீவ் நல்லபடியா முடிந்தது, நோயாளி நலம்"னு அர்த்தம் வர்ற ரெண்டு வரி, மீதி எல்லாம் பில்லு. எந்த சைஸ் குழாய் வச்சு வெட்டினாங்க, ஸ்டேப்லர் லைன் மேல தையல் போட்டாங்களா, ஒண்ணும் இல்ல.

எனக்கு வந்தது ரெண்டு. ஸ்லீவ் நடுவுல சுருங்கிப் போய் அடைச்சிருந்துச்சு, அத எண்டோஸ்கோப்பில பலூன் விட்டு விரிச்சாங்க. இன்னொண்ணு பி1 விட்டமின், அதாவது தயமின், சுத்தமா தீந்து போச்சு. உடம்புல அதோட ஸ்டாக் ரெண்டு மூணு வாரத்துக்குதான் இருக்குமாம், விடாம வாந்தி எடுத்தா காலி, மூளையையும் நரம்பையும் அடிக்கும். இதுல பயங்கரம் என்னன்னா வாந்தின்னு போனா எங்கயும் முதல்ல ஏத்தறது குளுக்கோஸ் டிரிப், தயமின் போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா நிலைமை இன்னும் மோசமாகும். அந்த டாக்டருக்கு இது தெரிஞ்சிருந்துச்சு, முதல்ல தயமின் ஊசி போட்டுட்டுதான் டிரிப் போட்டார். பாதம் இன்னும் லேசா மரத்துதான் கெடக்கு, மத்தபடி நல்லா இருக்கேன்.

அதனால உங்க பர்ஸ்ல ஒரு அட்டை வச்சுக்கோங்க, இங்கிலீஷ்லயும் அரபிலயும்: என்ன ஆபரேஷன், என்ன தேதி, மூக்கு வழியா குழாய் கண்ணை மூடிட்டு சொருகக் கூடாது, வாந்தியோட வந்தா குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின், புரூஃபென் வகை வலி மாத்திரை குடுக்கக் கூடாது. வீட்டுக்காரர் போன்லயும் போட்டோவா இருக்கட்டும், ஏன்னா நமக்கே பேச முடியாத நேரம் வரும்.

பொள்ளாச்சி_சுமதி:
படிச்சிட்டு கை நடுங்குதுங்ணா. இவ்ளோ விவரம் எழுதினதுக்கு நன்றி. வீட்டுக்காரரும் படிச்சுட்டு "வேணாம் விடு"ங்கறார்.

கோவை_கண்ணம்மா:
சுமதி கண்ணு, பயப்பட வேண்டாம். நான் 2019ல வயித்து பைபாஸ் பண்ணிகிட்டவ, இன்சுலினை விட்டாச்சு, மாடிப்படி ஏறறேன், பேத்தியோட ஓடறேன். கைதேர்ந்தவங்க பண்ணினா உசுருக்கு ஆபத்துங்கறது பித்தப்பை ஆபரேஷன் அளவுதான், ஆயிரத்துல ஒண்ணு மாதிரி. நெட்டையன் தம்பிக்கு நடந்தது ஆபரேஷனால மட்டும் இல்ல, கேக்கறதுக்கு ஆள் இல்லாததால. எனக்கும்தான் முதல் மாசம் வாந்தி வந்துச்சு, நான் ஆர்.எஸ்.புரத்துல இருந்து ஆட்டோ புடிச்சு போயி டாக்டர் முன்னாடி உக்காந்துட்டேன், அன்னைக்கே பாத்து சரி பண்ணிட்டாங்க. உன்னால ஷார்ஜால இருந்து ஆட்டோ புடிக்க முடியாதே, அதுக்குத்தான் வழி பண்ணோணும்.

ஸ்லீவா மினி பைபாஸாங்கறதுக்கு: உனக்கு நெஞ்செரிச்சல் இருக்குதா? முதல்ல எண்டோஸ்கோப்பி பண்ணினாங்களா? அத பாக்காம வாட்சப்லயே ஸ்லீவ்னு சொன்னவர் எப்படி சொன்னார்னு கேளு.

பொள்ளாச்சி_சுமதி:
நெஞ்செரிச்சல் இருக்குதுங்க அக்கா, ராத்திரி எதுக்களிக்கும். யாரும் எண்டோஸ்கோப்பி கேக்கல, எடை, உயரம், சுகர் ரிப்போர்ட் மட்டும்தான் அனுப்பினேன்.

தியேட்டர்_சிஸ்டர்:
அப்ப அந்த கொட்டேஷன் எல்லாமே வெறும் ரேட் கார்டு, உங்களுக்கான முடிவு இல்ல. எதுக்களிப்பு இருக்கறவங்களுக்கு ஸ்லீவ் பண்ணினா அது அதிகமாகறது வழக்கம், பைபாஸ்ல பொதுவா குறையும், சுகருக்கும் பைபாஸ் பலம் ஜாஸ்தி. ஆனா பைபாஸ்னா விட்டமின் விஷயத்துல ஆயுசுக்கும் ஒழுங்கா இருக்கணும், ஒதுக்கி விட்ட வயித்துக்குள்ள பின்னாடி சாதாரணமா எண்டோஸ்கோப்பி விட முடியாது, சிகரெட், புரூஃபென் வகை வலி மாத்திரை ரெண்டுமே புண்ணு வரவச்சிரும். மினி பைபாஸ்ங்கறது 1997ல ரட்லெட்ஜ்ங்கற அமெரிக்க டாக்டர் ஆரம்பிச்சது, ஒரே ஒரு இணைப்பு, நம்ம ஊர்ல நெறைய பண்றாங்க, ஆனா அதுல பித்த நீர் மேல வர வாய்ப்பு இருக்கு, உங்களுக்கு எதுக்களிப்பு இருக்கறதால அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க. முடிவ எண்டோஸ்கோப்பி பாத்துட்டு எடுக்கட்டும், அத ஷார்ஜாலயே பண்ணிட்டு ரிப்போர்ட் அனுப்பலாம்.

ஈஸி_மெட்டூர்:
[விளம்பரம் என்பதால் நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்]

கணேஷ்_மதுரை:
ஆகா, வந்துட்டாய்ங்கய்யா வந்துட்டாய்ங்க.

டயட்_மீனா:
நான் பேரியாட்ரிக் டயட்டீசியன், இப்ப ஒரு ஆஸ்பத்திரிலயும் வேலைல இல்ல, அதனால ஃப்ரீயா பேசலாம். சுமதி உங்க 30 நாள் கணக்கு இடிக்குது. வந்து எறங்கினதும் டெஸ்ட், இதய டாக்டர், மயக்க டாக்டர்னு ஒரு வாரம் போயிரும். ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஈரல் சுருங்கறதுக்கு குறைஞ்ச கலோரி டயட், அத ஷார்ஜாலயே ஆரம்பிச்சுட்டு வாங்க, ஃபிளைட்ல குடுக்கற பிரியாணி வேணாம். சுகர் மாத்திரையை நீங்களா குறைக்காதீங்க, ஆனா டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க, கிளிமிபிரைடு போட்டுட்டு வெறும் திரவமா குடிச்சா சுகர் இறங்கிரும், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைய மூணு நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க, இல்லேன்னா சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறிரும்.

முடிஞ்சதும் ரெண்டு வாரம் திரவம், அடுத்த ரெண்டு வாரம் மசிச்சது, அப்பறம்தான் மெத்துனு இருக்கறது, இதுதான் பொதுவான வரிசை. உங்க லீவு படி பாத்தா மசிச்ச சாப்பாட்டு கட்டத்துல, புதுசா என்ன ஒத்துக்கும் என்ன ஒத்துக்காதுன்னே தெரியாத நேரத்துல ஃபிளைட் ஏறுவீங்க. முடிஞ்சா லீவை நீட்டுங்க, சம்பளம் போனா போகுது.

நம்ம ஊர் வீட்ல என்ன ஆகும்னு எனக்கு தெரியும். அம்மா "புள்ள ஒண்ணுமே சாப்புடல"ன்னு ரசம் சாதத்தை கரைச்சு குடுப்பாங்க, இளநீ, ராகி கஞ்சி, சத்துமாவுன்னு மாவுச்சத்தாவே உள்ள போகும், புரோட்டீன் எட்டிப் பாக்காது. ஒரு நாளைக்கு 60ல இருந்து 80 கிராம் புரோட்டீன் வேணும். வடிகட்டின பருப்புத் தண்ணில அது வராது, மோர், பால்ல கலந்த புரோட்டீன் பவுடர், அப்பறம் நல்லா அடிச்ச பனீர், முட்டை வெள்ளை, இப்படி போகணும். அம்மாவை ஒரு தடவை வீடியோ கால்ல டயட்டீசியன் முன்னாடி உக்கார வைங்க, மக சொன்னா கேக்க மாட்டாங்க, வெள்ளைக் கோட்டு சொன்னா கேப்பாங்க.

விட்டமின் ஆயுசுக்கும். பி12, இரும்பு, டி, கால்சியம் சிட்ரேட்டா 1200ல இருந்து 1500 மில்லிகிராம், இரும்பையும் கால்சியத்தையும் ஒண்ணா போடக்கூடாது. ரத்த டெஸ்ட் மூணாவது மாசம், ஆறாவது மாசம், ஒரு வருஷம், அப்பறம் வருஷா வருஷம். இது ஷார்ஜால எந்த லேப்லயும் நடக்கும், ஆனா ரிப்போர்ட்ட பாத்து மருந்து மாத்தறது யாரு? அவர் பேரு உங்ககிட்ட இருக்கா? குழந்தை பத்தி யோசனை இருந்தா 12ல இருந்து 18 மாசம் தள்ளிப் போடணும், இதயும் வீட்ல முன்னாடியே பேசிக்கோங்க.

தோஹா_நெட்டையன்:
மீனா சொன்ன கடைசி கேள்விதான் நானும் சொல்ல வந்தேன். ஷார்ஜாலயோ துபாய்லயோ பேரியாட்ரிக் பாக்கற ஒரு சர்ஜனை இப்பவே காசு கட்டி நேர்ல பாருங்க. "ஊர்ல பண்ணிட்டு வர்றேன், பின்னாடி பிரச்சினைன்னா உங்ககிட்ட வரலாமா"ன்னு நேரடியா கேளுங்க. முடியாதுன்னு சொன்னா அடுத்தவர். ஒருத்தர் ஒத்துக்கிட்டதுக்கு அப்பறம் ஊர்ல டேட் போடுங்க, அதுக்கு முன்னாடி ஒரு ரூபா அட்வான்ஸ் வேணாம்.

பொள்ளாச்சி_சுமதி:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேனுங்க, மன்னிச்சுக்கோங்க.

நீங்க சொன்ன கேள்விய எல்லாம் நோட்ல எழுதி கேட்டேன். ஆஃபர் ஆஸ்பத்திரிய விட்டாச்சு. ஸ்லீவ்னு சொன்ன டாக்டர்கிட்ட லீக் எத்தனைன்னு கேட்டதும் "இதெல்லாம் நெட்ல படிச்சிட்டு கேக்கறீங்களா, என்மேல நம்பிக்கை வச்சு வாங்கம்மா"ன்னு சிரிச்சுட்டார். அவ்ளோதான், பதில் வரல. இன்னொருத்தர் போன வருஷ கணக்க சொன்னார், லீக் ஆன கேஸ் எத்தனை, அவங்கள எத்தனை நாள் ஆஸ்பத்திரில வச்சிருந்தார்னு அவரே சொன்னார், எண்டோஸ்கோப்பி பாக்காம நான் ஆபரேஷன் பேரே சொல்ல மாட்டேன்னும் சொன்னார். முக்கியமா, "அங்க உங்கள யார் பாப்பாங்க, அவங்க நம்பர் குடுங்க, நான் பேசறேன்"னு அவரே கேட்டாருங்க. இவர்தான் ரேட்டு ஜாஸ்தி சொன்னவர். பேக்கேஜ்ல என்னென்ன இல்லன்னு கேட்டு மெயில்ல வாங்கிட்டேன்: ஐசியூ ஒரு நாளைக்கு மேல போனா தனி, திரும்ப தியேட்டர் போனா தியேட்டர் சார்ஜ் தனி, ஆனா அதுக்கு டாக்டர் ஃபீஸ் வாங்க மாட்டாங்க. கையில கூடுதலா ரெண்டு லட்சம் தனியா வச்சுக்கோங்கன்னு அவங்களே சொன்னாங்க.

இங்க முதல்ல பாத்த சர்ஜன் "இன்னொருத்தர் வெட்டின வயித்துல நான் கை வைக்க மாட்டேன்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். துபாய்ல ஒரு மலையாளி டாக்டர், முழு ஆபரேஷன் நோட்ஸும் தர்றதா இருந்தா பாக்கறேன், வர்றதுக்கு முன்னாடி ஃபைல் ஓபன் பண்ணிட்டு போங்கன்னார். எண்டோஸ்கோப்பியும் அவர்கிட்டயே பண்ணியாச்சு. லீவு ஆறு வாரமா நீட்டிட்டேன்.

இப்ப சந்தேகம், ஃபிளைட் எப்ப ஏறலாம்? ஷார்ஜா கோயம்புத்தூர் நேர் ஃபிளைட்தான், நாலு மணி நேரம்.

தியேட்டர்_சிஸ்டர்:
ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க. அந்த ரெண்டாவது டாக்டர், தானா நம்பர் கேட்டார் பாருங்க, அதுக்கே குடுக்கலாம் காசு.

ஃபிளைட்: சின்ன ஓட்டை ஆபரேஷன்னா நாலஞ்சு நாள்ல பறக்கலாம்னு பொது லிஸ்ட்ல இருக்கும், அத இதுக்கு எடுத்துக்காதீங்க. லீக் பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துலதான் வெளிய தெரியும், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு போனப்பறம்தான் பாதிப்பேருக்கு. நாடி ஒரேயடியா 120க்கு மேல ஓடுது, காய்ச்சல், மூச்சு வாங்குது, இடது தோள்பட்டை வலிக்குது, வயித்து வலி குறையறதுக்கு பதிலா கூடுது, இதுல எது வந்தாலும் போன் பண்ணி வாட்சப் பண்ணி காத்திருக்காதீங்க, நேரா கெளம்புங்க. பொள்ளாச்சில இருந்து கோவைக்கு ஒரு மணி நேரம்னாலும் முதல் பத்து நாள் சிட்டிக்குள்ளயே சொந்தக்காரங்க வீட்லயோ லாட்ஜ்லயோ இருந்துட்டு அப்பறம் அம்மா வீட்டுக்கு போங்க.

அடுத்தது ரத்தக்கட்டி. கால்ல கட்டி நுரையீரலுக்கு போறதுதான் இந்த ஆபரேஷன்ல உசுரை எடுக்கற முக்கிய காரணத்துல ஒண்ணு, அந்த பயம் வாரக்கணக்குல இருக்கும். வீட்ல போட்டுக்க ரத்தம் உறையாம இருக்கற ஊசி எத்தனை நாளைக்குன்னு கேளுங்க, ஃபிளைட்ல இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், நடைபாதை சீட்டு, எழுந்து நடை, அடிக்கடி ஒரு வாய் தண்ணி. ஆறு வாரம் லீவுன்னா நாலாவது வாரம் செக்கப் முடிச்சுட்டு ஏறற மாதிரி வரும், அது சரி. கடைசி வார்த்தை உங்க டாக்டரோடது.

ஷார்ஜா_பார்மசிஸ்ட்:
இழைய முழுசா படிச்சேன், இந்த ஒண்ண யாரும் சொல்லல. நம்ம ஊர் டிஸ்சார்ஜ் மருந்துல டிரமடால் இருக்க வாய்ப்பு அதிகம், பிரிகாபலின் கூட எழுதுவாங்க. ரெண்டுமே யுஏஇல கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன் அனுமதி இல்லாம பையில வச்சு எறங்கினா ஏர்போர்ட்லயே சிக்கல், டாக்டர் சீட்டு மட்டும் போதாது. யுஏஇ அரசாங்க சைட்ல ஆன்லைன்ல அனுமதி வாங்கலாம், இல்லேன்னா நாலாவது வாரத்துல அந்த வலி மாத்திரை தேவையே இருக்காது, ஊர்லயே விட்டுட்டு வாங்க. அதான் சுலபம். பித்தக்கல் வராம இருக்க ஆறு மாசம் அர்சோடிஆக்சிகோலிக் ஆசிட் எழுதுவாங்க, அது இங்கயும் கெடைக்கும், கம்பெனி பேரு வேறயா இருக்கும், அதனால எல்லா மருந்துக்கும் ஜெனரிக் பேர எழுதச் சொல்லி வாங்குங்க.

பொள்ளாச்சி_சுமதி:
அய்யோ இது தெரியாம இருந்திருந்தா! போன தடவை அப்பாவுக்கு முட்டி வலிக்கு குடுத்த மாத்திரைல இந்த டிரமடால்ங்கற பேரு இருந்த ஞாபகம். நன்றிங்க.

கணேஷ்_மதுரை:
தாயி, ஆபரேசன் அன்னைக்கு மீனாச்சி அம்மனுக்கு ஒரு அர்ச்சனை போட்டுருதேன். ஆனா நடைய மட்டும் விட்றாத.

லண்டன்_ரவி:
சுமதி அக்காவுக்கு வாழ்த்துக்கள். சிஸ்டர், ஒரு உதவி. என்ர மச்சாளுக்கு இப்ப எதுக்களிப்பு கடுமை, இஞ்ச காசு கட்டி பாத்த டாக்டர் ஸ்லீவை பைபாஸா மாத்தலாம் எண்டு சொல்லுறார், ஆனா பழைய ஆபரேஷன் நோட்ஸ் கேக்கிறார். துருக்கிக்கு மெயில் போட்டா பதில் இல்லை, அந்த வாட்சப் நம்பரும் இப்ப வேலை செய்யேல்ல. நோட்ஸ் இல்லாமல் செய்ய ஏலுமோ?

தியேட்டர்_சிஸ்டர்:
ஏலும் தம்பி, நோட்ஸ் இல்லாம வர்ற கேஸ் எங்களுக்கும் வந்திருக்கு. எண்டோஸ்கோப்பி ஒண்ணு, பேரியம் குடிக்க வச்சு எக்ஸ்ரே ஒண்ணு, தேவைன்னா சிடி, இது மூணுலயும் ஸ்லீவ் எந்த வடிவத்துல இருக்கு, மேல எவ்ளோ விட்டிருக்காங்க, உதரவிதானத்துல ஓட்டை இருக்கான்னு தெரிஞ்சிரும், சர்ஜன் அத வச்சு முடிவு பண்ணுவார். நோட்ஸுக்கு மெயில் போட்டுட்டே இருங்க, ஆஸ்பத்திரி பேருக்கு இல்லாம ஆபரேஷன் பண்ணின டாக்டரோட பேருக்கு நேரா, பாஸ்போர்ட் காப்பியும் டிஸ்சார்ஜ் பேப்பரும் வச்சு, துருக்கி மொழில மாத்தி எழுதி அனுப்பிப் பாருங்க. மாத்தி பண்றது முதல் ஆபரேஷனை விட கஷ்டமான வேலை, அதனால ரிவிஷன் எத்தனை பண்ணிருக்கார்னு அந்த டாக்டர்கிட்டயும் கேக்கச் சொல்லுங்க.